சிவப்புக் கட்டடத்தில் தொடங்காதீர்கள்

நான் ஈப்போவில் பிறந்தவள். கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளி விடுமுறை வந்தால் இன்னொரு வேலையும் தலையில் விழும்: வீட்டுக்காரரின் சொந்தக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது. கோலாலம்பூர், சிங்கப்பூர், தூத்துக்குடிப் பக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். "போர்த்துகீசியர் ஆண்ட ஊராமே, அதைக் காட்டு" என்பார்கள். எத்தனை தடவை காட்டியிருக்கிறேன் என்று தெரியாது. நான் எழுதி வைக்காத ஒரே கணக்கு அதுதான்.

முதல் தடவை செய்தது எல்லாமே தப்பு. காலை பதினொன்றரை மணிக்கு டச்சுச் சதுக்கத்தில் போய் நின்றேன். சிவப்புக் கட்டடங்களைக் கைகாட்டி, "இதெல்லாம் போர்த்துகீசியர் கட்டினது" என்று அடித்துச் சொன்னேன். பக்கத்தில் பேச்சாவில், அதாவது மூன்று சக்கர மிதிரிக்‌ஷாவில், சாய்ந்திருந்த மலாய்க்காரர் ஒருவர், "கக்கா, இது பெலாண்டா" என்றார் மெதுவாக. பெலாண்டா என்றால் டச்சுக்காரர். அரை மணி நேரத்தில் பெரிய மாமாவுக்கு வெயிலில் தலை சுற்றியது. அன்றைய சுற்றுலா ஒரு செண்டோல் கடையில் முடிந்தது.

அதற்குப் பிறகு வழியை மாற்றி மாற்றிப் பார்த்து, இப்போது ஒன்று நிலைத்திருக்கிறது. உங்கள் வீட்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நடக்க அதை எழுதித் தருகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1511 முதல் 1641 வரை, 130 வருஷம் போர்த்துகீசியர் இந்த ஊரை வைத்திருந்தார்கள். பிறகு டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர். வந்தவர்கள் எல்லாரும் முன்னவர் வீட்டை இடித்தோ பூசியோ தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அதனால் மலாக்காவில் கண்ணில் முதலில் படுகிற எதுவும் போர்த்துகீசியருடையது இல்லை. அவர்களுடையதாக மிஞ்சியது ஒரு வாசல், கூரை இல்லாத ஒரு கோயில், ஒரு மணி, வாயில் புழங்கும் கொஞ்சம் சொற்கள், கடலோரத்தில் ஒரு கம்போங், அதாவது கிராமம். நாம் நடக்கப்போவது இவற்றைத் தேடித்தான்.

வார நாளாகப் பாருங்கள். வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை. சிங்கப்பூர் கார்கள் எல்லாம் இங்கேதான் நிற்கும். காலை ஏழரைக்கு நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். விடிவதே ஏழு மணி வாக்கில்தான், ஆகவே அதற்கு முன்னால் போயும் பயனில்லை. வயிற்றுக்கு ஒரு தே தாரேக்கும் இரண்டு பிஸ்கட்டும் போதும், பசியாறுவதைக் குன்றிலிருந்து இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். ரொட்டி சானாய் தின்றுவிட்டுப் படியேறிய என் ஓரகத்தி பாதியில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுச் சேலை, குதிகால் செருப்பு இரண்டும் வேண்டாம். குடை கட்டாயம், காலையில் வெயிலுக்கு, மதியத்துக்கு மேல் மழைக்கு.

தொடங்கும் இடம் கோட்டை வாசல். போர்த்தா டி சந்தியாகோ என்பது பெயர். ஃபமோசா என்று எல்லாரும் சொல்கிற கோட்டையில் மிச்சம் இருக்கும் வாசல். போனவுடன் எல்லாரும் கைப்பேசியைத் தூக்குவார்கள். தூக்க விடாதீர்கள். முதுகை வாசலுக்குக் காட்டித் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். எதிரே என்ன தெரிகிறது? பேரங்காடி. அது நிற்கும் பக்கம் முன்பு கடல். மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். கடலைப் பார்த்து நின்ற வாசல் இது என்று தெரிந்தால்தான், கோட்டையை இங்கே ஏன் கட்டினார்கள் என்பது விளங்கும்.

இப்போது திரும்பலாம். கல்லைத் தொட்டுப் பாருங்கள், தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். செம்புரைக்கல். கடலுக்குள் இருக்கும் உப்பே தீவிலிருந்து இந்தக் கல்லை வெட்டி வந்தார்கள். அது போதாமல் பள்ளிவாசல் கற்களையும் சுல்தான்களின் கல்லறைக் கற்களையும் பெயர்த்துக் கட்டினார்கள், 1511-இல் ஊரைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி ஆல்புகெர்க்கின் ஆட்கள். பிள்ளைகள் இருந்தால் ஒரு வேலை கொடுங்கள்: "வளைவுக்கு மேலே ஒரு வருஷம் செதுக்கியிருக்கு, கண்டுபிடி." 1670 என்று படிப்பார்கள். போர்த்துகீசியர் 1641-இலேயே போய்விட்டார்களே என்று உங்களைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். வாசலைச் செப்பனிட்ட டச்சுக் கம்பெனி தன் சின்னத்தையும் வருஷத்தையும் மேலே பொறித்துக்கொண்டது. பழைய வீட்டை வாங்கியவர் முதல் வேலையாகப் பெயர்ப் பலகையை மாற்றுவது போலத்தான்.

மீதிக் கோட்டை எங்கே? ஆங்கிலேயர் 1807-இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். வேறு யார் கைக்கும் போய்விட்டால் திரும்பப் பிடிக்க முடியாதே என்கிற பயம். வில்லியம் ஃபார்க்குவார் தலைமையில் நடந்த வேலை அது. இந்த ஒரு வாசல் தப்பியதற்கு ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் குறுக்கிட்டதைக் காரணமாகச் சொல்கிறார்கள். அந்த இடிப்பைச் சிறுவனாகப் பார்த்தவர் முன்ஷி அப்துல்லா. யானை பெரிசு, வீடு பெரிசுக் கற்கள் ஆகாயத்தில் பறந்ததைத் தன் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார். மலாய் இலக்கியத்தின் பெரிய பெயர் அவர். ஆனால் அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து நாகூர் வந்து தமிழ்ப் பெண்ணைக் கட்டியவர். அந்தக் கால மலாக்காவில் கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டும் என்று அப்துல்லாவும் தமிழ் படித்தார். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை கூடிவிடும். கணக்கு எழுதுகிறவள் இல்லையா.

வாசலுக்குப் பின்னாலேயே படி. நிதானமாக ஏறுங்கள். கைப்பிடி இருக்கிற பக்கத்தைப் பெரியவர்களுக்கு விடுங்கள். மேலே நிற்பது புனித பவுல் கோயில். 1521-இல் துவார்த்தே கோயெலோ என்ற போர்த்துகீசியத் தலைவர், கடலில் உயிர் தப்பியதற்கு நன்றியாக மாதாவுக்குக் கட்டிய சிற்றாலயமாகத்தான் இது தொடங்கியது. 1548-இல் இயேசு சபையாருக்குக் கொடுக்கப்பட்டது. டச்சுக்காரர் வந்ததும் புனித பவுல் என்று பெயர் மாற்றித் தங்கள் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். கீழே தங்களுக்கென்று புதுக் கோயில் கட்டி முடித்ததும் இதைப் புதைகாடாக்கினார்கள். ஆங்கிலேயர் வெடிமருந்துக் கிடங்காக்கினார்கள். இப்போது கூரையும் இல்லை. மேலே பார்த்தால் நேராக வானம்.

இங்கே நேரம் கொடுங்கள். மொத்த நடையிலும் நான் மிக அதிகமாக நிற்பது இங்கேதான். சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கல்லறைக் கற்கள் ஆளுயரம் இருக்கும். பெரும்பாலும் டச்சுக்காரருடையவை, அவற்றுக்கு நடுவே போர்த்துகீசியர் காலத்தவையும் உண்டு. ஜப்பானுக்கு ஆயராக இருந்து, 1598-இல் சிங்கப்பூர் நீரிணையில் இறந்தவரின் கல் ஒன்று இங்கே இருக்கிறது. அதைத் தேடிக் காட்டுங்கள். கோவா, மலாக்கா, மக்காவ், நாகசாகி என்று ஒரே கடல் வழியில் அவர்கள் போய்வந்ததைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை, அந்தக் கல் சொல்லிவிடும்.

பீடம் இருந்த பக்கம் போனால் தரையில் கம்பி வலை போட்ட ஒரு குழி. சில பேர் அதில் சில்லறை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது புனித பிரான்சிஸ் சவேரியாரின் வெறுங்கல்லறை. 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவில் இறந்தவரின் உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து, 1553-இல் ஏறக்குறைய ஒன்பது மாதம் இங்கே வைத்திருந்தார்கள். பிறகுதான் கோவா போனது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மணப்பாட்டிலிருந்து ஓர் அத்தை வந்திருந்தார். என் நாத்தனாரின் மாமியார் வழி. இந்த ஊர்ப் பக்கம் சவேரியார் வந்தது அவருக்குத் தெரியாது. மணப்பாட்டில் சவேரியார் பெயரில் குகையே உண்டு. 1542-க்குப் பிறகு முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே நடந்து திரிந்தவர் அல்லவா. நான் வழக்கம்போல வருஷக் கணக்கைச் சொல்லிக்கொண்டே போக, திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணவில்லை. குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "எங்க ஊர்ல நடந்துட்டு இங்க வந்தா படுத்திருந்தீரு" என்று பேசிக்கொண்டிருந்தார். அன்று முதல் அந்தக் குழிக்கருகே வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். நீங்களும் ஐந்து நிமிஷம் பேசாமல் இருங்கள்.

வெளியே நிற்கும் சவேரியாரின் வெள்ளைச் சிலைக்கு வலது கை கிடையாது. அவர் உடல் இங்கே வைக்கப்பட்டதன் 400-வது ஆண்டு நினைவாக 1950-களின் தொடக்கத்தில் வைத்த சிலை. வைத்த கையோடு சவுக்கு மரம் விழுந்து கை உடைந்ததாகச் சொல்கிறார்கள். உண்மையான உடலிலும் வலது முன்கை இல்லை; 1614-இல் வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கைப்பேசி நோண்டும் பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கும்.

சதுக்கப் பக்கம் இறங்கும் வழியில் ஒரு விளையாட்டு வைத்துக்கொள்வேன். வீட்டில் இருக்கும் சாமான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்வேன். போர்த்துகீசியச் சொல் வந்தால் கை தட்டுவேன். அலமாரி, ஜன்னல், மேசை, சாவி, வராந்தா, துவாலை, பீப்பாய். வீட்டை விட்டு வெளியே போனால் பாதிரி, ஏலம், அன்னாசி. எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை. அடுத்து மலாய். அல்மாரி, ஜெண்டேலா, மேஜா என்று அதே சாமான் அங்கேயும் இருக்கும். வெண்ணெய்க்கு மெந்தேகா, கோயிலுக்கு கெரேஜா, ஞாயிற்றுக்கிழமைக்கு மிங்கு. ஒரே கப்பல்காரர்கள் இரண்டு துறைமுகத்திலும் இறக்கிவிட்டுப் போன சரக்கு இது. சின்ன மாமாவுக்கு மட்டும் ஒப்பவில்லை. "ஜன்னல் தமிழ் இல்லையா? அப்போ இத்தனை நாள் நம்ம வீட்டுக்குக் காத்து எப்படி வந்துச்சு?" என்றார். சாளரம் வழியாக என்றேன்.

சதுக்கத்துக்குப் பத்து நிமிஷம் போதும். ஸ்டாட்ஹவுஸ் 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஆட்சி மனை. கிறிஸ்து கோயில் 1753-இல் முடிந்தது. மணிக்கூண்டு 1886, ஒரு சீனக் குடும்பம் கட்டிக் கொடுத்தது. சிவப்பு நிறம்கூட டச்சுக்காரர் அடித்ததில்லை. வெள்ளையாக இருந்ததற்கு ஆங்கிலேயர் காலத்தில் சிவப்பு ஏற்றினார்கள். அலங்காரம் செய்து பாட்டு அலறும் பேச்சாக்களில் பிள்ளைகள் ஏற அடம்பிடிக்கும். ஏறட்டும், ஆனால் ஏறுமுன் கூலியைப் பேசிவிடுங்கள்.

பசியாறிவிட்டு ஆற்றோரமாக வாருங்கள். பழைய கோட்டை மதில் துண்டு ஒன்று கிடக்கும், மிடில்பர்க் கொத்தளம். 2006-இல் சுற்றுலாவுக்காகச் சுழலும் கோபுரம் கட்டத் தோண்டியபோது அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறு இடத்துக்குத் தள்ளிவிட்டு, இதன் மேல் புதிதாகக் கட்டி நிறுத்தினார்கள். அதாவது அடியில் பழசு, மேலே நேற்றையது. இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு மரக்கப்பல் நிற்கிறதே, அது ஃப்ளோர் டி லா மார் கப்பலின் மாதிரி; உள்ளே கடல் அருங்காட்சியகம். அசல் கப்பல் 1511-இல் மலாக்காவில் கொள்ளையடித்த பொருளோடு புறப்பட்டு, சுமத்திராவுக்கு அருகில் மூழ்கிப்போனது. கொள்ளையடித்தவன் கப்பலுக்கு நாமே மாதிரி கட்டிச் சீட்டு வாங்கி ஏறுகிறோம். சரி, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

அடுத்தது பாலம். தான் கிம் செங் பாலம் என்று பெயர், 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஆனால் ஆற்றைக் கடக்க இந்தப் பக்கத்தில் பாலம் 1511-லேயே இருந்தது. ஊரை இரண்டாகப் பிளப்பது இந்த ஆறுதான்; பாலத்தைப் பிடித்தால் சுல்தான் பக்கத்தையும் வியாபாரிகள் பக்கத்தையும் பிரித்துவிடலாம். ஆல்புகெர்க் குறிவைத்தது இதைத்தான். பாலத்தின் நடுவில் ஓரமாக ஒதுங்கி நின்று, இனி சொல்லப்போகும் கதையைச் சொல்லுங்கள். நம் ஆட்கள் காது கொடுத்துக் கேட்பது இதற்குத்தான்.

1509-இல் தியோகு லோபஸ் டி செக்குவைரா என்பவர் தலைமையில் முதல் போர்த்துகீசியக் கப்பல்கள் வந்தன. உறவு முறிந்து, அவர் தப்பி ஓடினார். ருய் டி அராவுஜோ உட்படச் சிலர் சிறைப்பட்டார்கள். அந்தக் கைதிகளுக்கு உதவியவர் இங்கே செல்வாக்காக இருந்த ஒரு தமிழ் வணிகர். போர்த்துகீசிய ஆவணங்களில் அவர் பெயர் நீனா சத்து. ஆல்புகெர்க் ஊரைப் பிடித்ததும் அவரைப் பெண்டஹாராவாக, முஸ்லிம் அல்லாத மக்களுக்குத் தலைவராக அமர்த்தினார். மூன்றே வருஷம். 1514-இல் அந்தப் பதவியைப் பிடுங்கிச் சுமத்திராவின் கம்பார் அரசருக்குக் கொடுப்பது என்று முடிவானது. அவமானம் பொறுக்காமல் சிதை மூட்டி அதில் ஏறி இறந்துபோனார்.

இதைச் சொன்னவுடன் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி, "நம்மாளு பாவம்" என்னும். மறுபாதி, "காட்டிக் கொடுத்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்" என்னும். பெரிய மாமாவும் சின்ன மாமாவும் இந்தப் பாலத்தில் நின்று இருபது நிமிஷம் சண்டை போட்டு, சாப்பாட்டு மேசை வரை கொண்டுவந்தார்கள். நடுவர் வேலை பார்க்காதீர்கள். சிறையில் கிடந்தவனுக்குச் சோறு கொடுத்ததா, வரப்போகிறவனைக் கணக்குப் போட்டதா என்று ஐந்நூறு வருஷம் கழித்துப் பாலத்தில் நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த அராவுஜோவின் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாயங்காலம் தேவைப்படும்.

பாலம் தாண்டினால் துக்காங் எமாஸ் தெரு. பொய்யாத விநாயகர் கோயில் 1781. டச்சுக்காரர் காலத்தில் மலாக்கா செட்டிகளின் தலைவர் தைவநாயகம் செட்டிக்குக் கிடைத்த நிலத்தில் கட்டியது. அதே வரிசையில் கம்போங் கெலிங் பள்ளிவாசல், அடுத்து செங் ஹூன் தெங் சீனக் கோயில். விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, மலாய் பேசிச் சிவனைக் கும்பிடும் செட்டிகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் கதைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், அவர்கள் வாழும் காஜா பெராங் பக்கம் போய்ச் சொல்ல வேண்டும். இப்போது மணி பதினொன்றைத் தொட்டிருக்கும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுங்கள்.

சாயங்காலம் நாலரைக்குக் கிராப் வாடகைக் கார் பிடித்து, முதலில் பெண்டஹாரா சாலையில் உள்ள புனித பேதுரு கோயில். 1710-இல் கட்டியது. டச்சுக்காரர் புராட்டஸ்டன்ட், வந்த புதிதில் கத்தோலிக்கர் வெளியில் பூசை வைக்க முடியவில்லை, வீடுகளுக்குள் ஒளித்துக் கும்பிட்டார்கள். பிடி தளர்ந்த பிறகு, ஒரு டச்சுக்காரர் கொடுத்த நிலத்திலேயே இந்தக் கோயில் எழுந்தது. இதன் மணி கோவாவில் 1608-இல் வார்த்தது. கோயிலைவிட நூறு வயது மூத்த மணி. பூசை நேரமென்றால் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அங்கிருந்து உஜோங் பாசிர், போர்த்துகீசியக் குடியிருப்பு. பெரிய மாளிகைகளை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள், அதனால் காரிலேயே சொல்லிவிடுங்கள்: இது மீனவக் கம்போங். 1930-களில் இரண்டு பாதிரிமார் பாடுபட்டு, சிதறிக் கிடந்த ஏழைச் செரானி (போர்த்துகீசிய வழிவந்த) குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்த இடம். தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்க வேண்டும். ஆல்புகெர்க், செக்குவைரா, அப்புறம் அராவுஜோ. காலையில் பாலத்தில் சொன்ன கைதி இங்கே தெருவாக இருக்கிறார். அவருக்குச் சிறையில் உதவிய வணிகரின் பெயரில் இங்கே தெரு இல்லை. மாமாக்களின் சண்டை இந்த இடத்தில் மறுபடியும் தொடங்கும், தயாராக இருங்கள்.

வீட்டு வாசல்களில் மாதா படம், சின்ன விளக்கு. பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது கிரிஸ்தாங், பழைய போர்த்துகீசியமும் மலாயும் கலந்து பழுத்த மொழி. படமெடுக்கக் கேட்டு எடுங்கள். அவர்கள் வீட்டு வாசல் அது. "தேங் போங்?" என்றால் நலமா என்று அர்த்தம். அதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஜூன் 29, சான் பெத்ரோ திருநாளன்று வந்தால் படகுகளை அலங்கரித்து மந்திரிப்பதைப் பார்க்கலாம். மற்ற நாளில் கடலோரக் கடையில் உட்கார்ந்து கறி தெபால் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் மீதி இறைச்சியைத் தீர்க்கப் பிறந்த குழம்பு அது: அரைத்த மிளகாய், கடுகு, புவா கெராஸ் என்கிற கொட்டை, கடைசியில் காடி. முதல் வாயில் நம் வீட்டுக் குழம்பு மாதிரி இருக்கும், இரண்டாவது வாயில் காடியின் புளிப்பு நாக்கைப் பிடிக்கும். சோறு கூட வாங்கிவையுங்கள்.

காசு கொடுத்துவிட்டு எழுந்தபோது கடைக்காரத் தாத்தா சின்ன மாமாவைப் பார்த்து, "முத்து மெர்சே" என்றார். மிக்க நன்றி என்று அர்த்தம். மாமாவின் பெயர் முத்துவில்தான் தொடங்கும். "இவருக்கு எப்படி என் பேரு தெரியும்?" என்று என்னிடம் கேட்டு, விளக்கம் சொல்லியும் நம்பாமல், அந்தத் தாத்தாவிடமே இரண்டு பாட்டில் சிஞ்சாலோக் வாங்கினார். கெராகாவ் என்று இவர்கள் கரையோரமாகத் தள்ளுவலையில் பிடிக்கும் கூனி இறாலை உப்பும் சோறும் சேர்த்து நொதிக்க வைப்பது அது. உங்கள் விருந்தாளியும் கட்டாயம் வாங்குவார். மூடியை இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, துணிகளுக்கு நடுவே வைக்காமல் தனியாக ஒரு டப்பாவில் போட்டு அனுப்புங்கள். நொதி பொங்கி மூடியைத் தள்ளும். நான் சொன்னேன், மாமா கேட்கவில்லை. தூத்துக்குடி போய்ப் பெட்டியைத் திறந்தவுடன் அத்தை எனக்குப் போன் போட்டார்.